ஏழு வண்டியும் ஒரு வெள்ளிக்கிழமையும்

எங்கள் வீட்டில் மொத்தம் எத்தனை வண்டி இருக்கிறது என்பது வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆயுத பூஜையன்று, எலுமிச்சம்பழம் வாங்கும்போது! சக்கரத்துக்கு ஒன்று வீதம் கணக்கு. 2025-ம் வருஷம் அக்டோபர் முதல் தேதி காலையில் பதினெட்டுப் பழம் கேட்டதும், கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஊறுகாய்க்கா அம்மா?"

"இல்லை, நசுக்குவதற்கு" என்றேன்.

கார் இரண்டு, அதற்கு எட்டுப் பழம். மாமனாரின் ஸ்கூட்டர், என் கணவரின் மோட்டார் சைக்கிள், என்னுடைய ஸ்கூட்டி, இவற்றுக்கு ஆறு. பெண்ணின் சைக்கிள் இரண்டு, அதற்கு நாலு. ஆக, ஏழு வண்டி, பதினெட்டுச் சக்கரம். வீட்டில் இருப்பவர்களோ ஐந்தே பேர். மாமனார், மாமியார், கணவர், நான், பன்னிரண்டு வயதுப் பெண். ஐந்து பேருக்கும் சேர்த்துக் கால்களே பத்துதான்!

எங்களைப் பெரிய பணக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்துக்குள், மூன்றாவது மாடியில், இரண்டு படுக்கையறை கொண்ட வீடு. நான் பத்திரிகை ஆபீஸில் வேலை பார்க்கிறவள். என் சம்பளத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஏழும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஒவ்வொன்றும் வந்தபோது அதற்கு ஒரு நியாயம் இருந்தது. கேட்டால் நீங்களே, "அப்படியானால் வாங்கத்தானே வேண்டும்!" என்பீர்கள்.

முதலில் வந்தது மாமாவின் சேடக் ஸ்கூட்டர். ராணா பிரதாப் சிங்கின் குதிரைக்குச் சேடக் என்று பெயர். அந்தப் பெயரில் பஜாஜ் கம்பெனியார் 1972-ல் இந்த ஸ்கூட்டரைக் கொண்டு வந்தார்கள். இன்று கடைக்குப் போய்ச் சாயங்காலமே வண்டியோடு திரும்புகிறோம். அன்று பணத்தைக் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். மாமா அப்படிக் காத்திருந்து 1984-ல் வாங்கினார். அதில் நாலு பேர் போவார்களாம். முன்னால் நின்றபடி என் கணவர், நடுவில் மாமா, பின்னால் ஒருக்களித்து அத்தை, அத்தை மடியில் நாத்தனார். அது ஒரு வண்டி, நாலு பேர். அந்தக் காலத்தில் அதற்குப் பெயர் வசதி.

2005 டிசம்பரில் மாமா வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். கைக்கு வந்த பணத்தில் ஒரு மாருதி 800 வாங்கினார். 1983 டிசம்பரில் அந்தக் கார் முதன்முதலாக விற்பனைக்கு வந்த நாளிலிருந்தே அவருக்கு அதன் மேல் ஒரு கண்ணாம். இருபத்திரண்டு வருஷம் கண் வைத்திருந்து வாங்கிய காரை யாராவது குறை சொல்ல முடியுமா? மோட்டார் சைக்கிள் என் கணவரின் பிரமசாரி நாளைய சொத்து. ஸ்கூட்டி, கல்யாணத்துக்கு மறு வருஷம் நான் தவணையில் வாங்கியது.

2019-ல் புதுக் கார் வந்தது. ஊருக்குப் போக, வர, சாமான் வைக்க, சின்னக் கார் போதவில்லை. பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்குவது என்றுதான் ஏற்பாடு. கம்பெனிக்காரர் பழைய காரைச் சுற்றி வந்து, டயரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, நாற்பதாயிரம் என்றார். மாமாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"நாற்பதாயிரத்துக்கா? இருந்துவிட்டுப் போகட்டும்!" என்றார்.

வாசக சகோதரிகளே, "இருந்துவிட்டுப் போகட்டும்" என்ற இந்த ஒரு வாக்கியம் இருக்கிறதே, இதைப் போலப் பணம் விழுங்கும் வாக்கியம் தமிழில் வேறு கிடையாது. பெண் வளர்ந்து சின்னச் சைக்கிள் போதாமல் போனபோதும் இதேதான். "கோயம்புத்தூரில் அக்கா பேரனுக்கு ஆகும். இருந்துவிட்டுப் போகட்டும்" என்றார் என் கணவர். அந்தப் பேரனுக்கு இப்போது ஏழு மாதம்.

வண்டி தேவைக்காக உள்ளே வருகிறது. பிறகு பாசத்துக்காகத் தங்கிவிடுகிறது. வெளியே போவதற்கு மட்டும் அதற்கு வழி தெரிவதில்லை. பழைய புடவையைப் பாத்திரக்காரரிடம் போட்டு, பேரம் பேசி, எவர்சில்வர் டப்பாவாக மாற்றிக்கொள்ளும் சாமர்த்தியம் நமக்கு உண்டு. ஆண் பிள்ளைகளுக்கு அந்த வித்தை வண்டி விஷயத்தில் வருவதே இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டுக்கு வீடு வண்டியையும் எண்ணினார்கள். நம் தேசத்தில் நூறு வீட்டில் இருபத்தொரு வீட்டில்தான் ஸ்கூட்டரோ மோட்டார் சைக்கிளோ மொபெட்டோ இருந்தது. கார் இருந்தது ஐந்துக்கும் குறைவான வீட்டில். அதற்கு மூன்று வருஷம் முன்னால், 2008 ஜனவரியில், ரத்தன் டாட்டா ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று நானோவைக் காட்டினார். ஒரே ஸ்கூட்டரில் ஒரு குடும்பமே போவதைப் பார்த்துத்தான் அந்த யோசனை பிறந்தது என்று சொன்னார். நானோ நிலைக்கவில்லை, 2018-லேயே அதன் உற்பத்தி ஓய்ந்துவிட்டது. ஆனால் அவர் பார்த்த அந்தக் குடும்பத்தின் பிள்ளைகள் நகரங்களில் தலையெடுத்துவிட்டார்கள். ஒரு வண்டியில் நாலு பேர் போனது போய், ஒருவருக்கு ஒன்றரை வண்டி என்று ஆகிவிட்டது. எங்கள் வீட்டுக் கணக்கே அதுதானே?

சரி, ஏழும் நிற்பது எங்கே? அங்கேதான் சங்கடம். ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் வேண்டும் என்பது கட்டடம் கட்டுகிறவர்கள் கணக்கு. சதுர அடியில் சொன்னால் சுமார் 135. என் சமையலறையை நாடா வைத்து அளந்து பார்த்தேன். பத்துக்கு எட்டு, 80 சதுர அடி. மூன்று வேளையும் ஐந்து பேருக்குச் சமைக்கிற இடம் 80. சும்மா நிற்கிற காருக்கு 135!

எங்கள் கட்டடத்தில் வீட்டுக்கு ஒரு கார் நிறுத்தத்தான் இடம். புதுக் கார் அங்கே. மாடிப்படிக்குக் கீழே ஸ்கூட்டரும் சைக்கிள்களும். பழைய கார் அடுத்த தெருவில் ஒரு காலி மனையில், மாதம் 1,500 ரூபாய் வாடகையில் குடியிருக்கிறது. எங்களாவது வாடகை கொடுக்கிறோம். இடம் இல்லாதவர்கள் தெருவிலேயே நிறுத்திவிடுகிறார்கள். காய்கறித் தள்ளுவண்டி எங்கள் சந்துக்குள் வருவது நின்று இரண்டு வருஷம் ஆகிறது. ஜப்பான் தேசத்தில் 1962-லேயே சட்டம் கொண்டு வந்தார்கள். காரை நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீசிடம் அத்தாட்சி வாங்கினால்தான் காரைப் பதிவு செய்யலாம். அந்தச் சட்டம் மாம்பலத்துக்கு வந்தால் பாதிக் கார்கள் பதிவாபீஸ் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

மழைக்காலத்தில் இந்தச் சங்கடம் ஊருக்கே தெரிந்துவிடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் காரைப் பறிகொடுத்தவர்கள் அதை மறக்கவில்லை. 2024 அக்டோபரில் பெருமழை வரப்போகிறது என்றதும், வேளச்சேரி மேம்பாலத்தின் இரு ஓரமும் கார்கள் ஏறி நின்றுவிட்டன. பத்திரிகை வேலையாக நானும் போய்ப் பார்த்தேன். கல்யாண வீட்டு வாசலில் செருப்புக் கிடப்பது போல வரிசையாகக் கார்கள். ஒரே வீட்டிலிருந்து இரண்டு காரைக் கொண்டு வந்தவர்களும் இருந்தார்கள். முதல் காரை விட்டுவிட்டு, மழையில் நனைந்தபடி நடந்தே திரும்பிப் போய், இரண்டாவதை எடுத்து வந்தார்களாம். காப்பாற்ற வேண்டிய வண்டிக்கும் ஓட்டத் தெரிந்த ஆளுக்கும் கணக்கு ஒத்துப்போவதில்லை.

எங்கள் வீட்டிலும் அதே கதைதான். ஓட்டத் தெரிந்தவர் மூன்று பேர். அதில் மாமாவுக்கு வயது 78. "இனிமேல் ஸ்டியரிங் பக்கமே போகக் கூடாது" என்று கண் டாக்டர் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் என் கணவர் அடுத்த தெருவுக்குப் போய், பழைய காரைப் பத்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து வைத்துவிட்டு வருவார். பாட்டரி இறங்கிவிடக் கூடாதாம். மாமா கூடவே போய், துணியால் துடைத்துவிட்டு வருவார். கார் எங்கும் போகாது; அவர்கள் இரண்டு பேரும்தான் போய் வருவார்கள்.

ஆயுத பூஜை முடிந்த வாரம், காப்பி குடிக்கும்போது மாமா மெள்ள ஒரு பிரஸ்தாபம் செய்தார்.

"டிசம்பரோடு காருக்கு இருபது வருஷம் ஆகிறது. ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும்."

கார் வாங்கிப் பதினைந்து வருஷம் ஆனால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும்; பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை. 2020-ல் மாமா புதுப்பித்தபோது கட்டணம் சில நூறு ரூபாய்தான். 2022 ஏப்ரலில் அதை 5,000 ஆக்கினார்கள். 2025 ஆகஸ்டில், இருபது வருஷம் தாண்டிய காருக்குப் பத்தாயிரம் என்று உத்தரவு வந்துவிட்டது.

"பத்தாயிரமா?" என்றார் என் கணவர். தகப்பனார் முகத்தைப் பார்த்தார். "சரி, கட்டிவிடலாம்" என்றார்.

நான் காலேஜில் பொருளாதாரம் படித்தவள். ஒரு மாதம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, சமையலறைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டினேன். நவம்பர் மாதம் முழுவதும், எந்த வண்டி வெளியே போகிறதோ அதன் பெயருக்கு நேரே ஒரு கோடு. யார் போனார்கள் என்பதற்கும் ஒரு கோடு. கோடு போடும் உத்தியோகத்தைப் பெண் எடுத்துக்கொண்டாள். அவளைவிட நேர்மையான குமாஸ்தா கிடையாது. தெருமுனைக்குப் போய்ப் பால் வாங்கி வந்ததைக்கூட விடவில்லை.

மாதக் கடைசியில் தாளைப் பார்த்தோம். என் ஸ்கூட்டிக்கு 26 நாள். மோட்டார் சைக்கிளுக்கு 22. புதுக் காருக்கு 8. பெண்ணின் பெரிய சைக்கிளுக்கு 15. சேடக், பழைய கார், சின்னச் சைக்கிள் மூன்றுக்கும் பூஜ்யம். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எல்லாரும் எதிர்பார்த்ததுதான்.

எதிர்பாராதது இரண்டாவது பட்டியல். அதில் என் மாமியார் பெயருக்கு நேரே மாதம் முழுவதற்கும் மூன்றே கோடு. இரண்டு, டாக்டர் வீட்டுக்கு. ஒன்று, உறவில் ஒரு துக்கம் விசாரிக்க. ஏழு வண்டி உள்ள வீட்டில், முப்பது நாளில் மூன்று தடவை!

அன்று மத்தியானம் அத்தையும் நானும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம்.

"ஏன் அத்தை, உங்களுக்கு எங்கேயும் போக வேண்டும் என்று தோன்றவில்லையா?" என்று கேட்டேன்.

அவர் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தோன்றாமல் என்னம்மா? நங்கநல்லூரில் அக்கா இருக்கிறாளே. எண்பத்திரண்டு வயது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் ராஜராஜேஸ்வரி கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அது நின்று எத்தனையோ நாள் ஆகிவிட்டது."

"ஏன் நின்றது?"

"மாம்பலம் ஸ்டேஷன் படி என் முழங்காலுக்கு ஆகாது. இவன் ஆபீஸ் போய்விடுவான். நீயும் போய்விடுவாய். உங்கள் மாமாவுக்குக் கண் சரியில்லை."

"ஆட்டோவில் போகலாமே?"

அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். "வாசலில் இத்தனை வண்டி நிற்கிறது, ஆட்டோவுக்குக் காசு கொடு என்று எப்படியம்மா கேட்பது? நாலு பேர் சிரிக்க மாட்டார்களா?"

எனக்குக் கீரை கையிலேயே நின்றுவிட்டது.

கவனித்தீர்களா? வீட்டில் ஒரு வண்டியும் இல்லாதிருந்தால் அவர் கூசாமல் ஆட்டோ ஏறியிருப்பார். பஸ்ஸோ ஆட்டோவோ, அதுதான் வழி என்று இருந்திருக்கும். ஏழு வண்டி இருப்பதால் அவர் போகவில்லை! இந்த வண்டிகள் அவருக்கு உதவவில்லை என்பதுகூடப் பெரிதில்லை. அவருக்கு இருந்த வழியையும் மறித்துக்கொண்டு நின்றன. எந்த வண்டியிலும் ஏற, அவர் யாரையாவது கேட்க வேண்டும். கேட்பதற்கு முன்னால் முகம் பார்க்க வேண்டும். முகம் பார்ப்பதற்கு நேரம் பார்க்க வேண்டும். அதற்குள் வெள்ளிக்கிழமை போய்ச் சனிக்கிழமை வந்துவிடும்.

எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாள் இருக்கிறார். சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று 2021 மே மாதத்தில் ஆனதிலிருந்து, வாரம் ஒரு தடவை தங்கையைப் பார்க்கப் போய்விட்டு வருவதாகச் சொன்னார். அவருக்குச் சொந்தமாக ஒரு சக்கரம்கூடக் கிடையாது. யாரையும் கேட்க வேண்டிய அவசியமும் கிடையாது.

இந்த இடத்தில் எனக்குப் புதுக்கோட்டை ஞாபகம் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன் நின்றார். கூலி வேலைக்குப் போகிறவர்கள், கல் குவாரியில் வேலை பார்க்கிறவர்கள், ஆயாக்கள், டீச்சர்கள் என்று ஆயிரக் கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்கே போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காவிட்டால், ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்களாம். குழந்தையை உட்கார வைக்க முன் பார் சௌகரியம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டாம். தண்ணீர் எடுக்க, பொருளைச் சந்தைக்குக் கொண்டுபோக, பிள்ளையைப் பள்ளியில் விட, அதற்குமுன் பஸ்ஸுக்கோ புருஷனுக்கோ அண்ணன் தம்பிக்கோ காத்திருந்தவர்கள் அவர்கள். ஒரு சைக்கிள் அந்தக் காத்திருப்பைப் போக்கியது. என் ஸ்கூட்டியும் எனக்கு அதைத்தான் செய்கிறது. ஆபீஸ் முடிய ராத்திரி ஒன்பது மணி ஆனாலும், "யார் வந்து கூட்டிப் போவார்கள்?" என்ற கேள்வி எனக்கு இல்லை. ஆகையால் வண்டியே வேண்டாம் என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. வண்டி எத்தனை என்று எண்ணுவதில் பிரயோசனம் இல்லை. சாவி யார் கையில் என்றுதான் பார்க்க வேண்டும்.

அன்று ராத்திரி ஒரு தாளில் பழைய காரின் வருஷச் செலவை எழுதினேன். காலி மனை வாடகை 18,000. இன்ஷூரன்ஸ் சுமார் 2,500. பாட்டரி இரண்டு வருஷத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு 2,000. சில்லறை ரிப்பேர் 3,000. ஆர்.சி. கட்டணத்தை ஐந்தாக வகுத்தால் 2,000. மொத்தம் 27,500 ரூபாய். நிற்கிற வண்டிக்குச் செலவு மட்டும் நிற்பதே இல்லை!

அதற்குக் கீழே இன்னொரு கணக்கு. மாம்பலத்திலிருந்து நங்கநல்லூர் போய் வர ஆட்டோவுக்கு 400 ரூபாய். வருஷத்துக்கு 52 வெள்ளிக்கிழமை. 20,800 ரூபாய். கோயிலுக்குப் பூ, அக்காவுக்குப் பழம் எல்லாம் வாங்கவும் 6,700 ரூபாய் மிச்சம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காப்பி ஆனதும் தாளை மாமாவின் முன்னால் வைத்தேன். கோட்டுப் பட்டியலையும் பக்கத்தில் வைத்தேன். மாமா கணக்கு ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பென்சிலை எடுத்து, ஒவ்வொரு வரியாகக் கூட்டிப் பார்த்தார். கடைசியில், பழக்க தோஷம், ஓரத்தில் ஒரு 'டிக்' போட்டார். பிறகு கோட்டுப் பட்டியலை எடுத்தார். அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூன்றுதானா?" என்றார்.

யாரும் பதில் சொல்லவில்லை.

அத்தையைப் பார்த்து, "நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஏற்பாடு செய்திருக்க மாட்டேனா?" என்றார். குரலில் கோபம் இல்லை. ஒரு தவிப்புத்தான் இருந்தது.

அத்தை தம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தார். "செய்திருப்பீர்கள். ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டியிருந்ததே, அதுதான்" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நாற்பது வருஷம் அந்த ஸ்கூட்டரின் பின்னாலும் அந்தக் காரின் பக்கத்திலும் உட்கார்ந்து போனவர் அவர். வண்டி போன இடத்துக்கெல்லாம் போயிருக்கிறார். அவர் நினைத்த இடத்துக்கு வண்டி போனது எத்தனை தடவை என்று யாரும் கோடு போட்டு வைக்கவில்லை.

மாமா அன்று முழுவதும் அதிகம் பேசவில்லை. சாயங்காலம் வழக்கம்போல் துணியை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார். திரும்பி வந்து, என் கணவரிடம், "ஸ்கூட்டர் மாடிப்படிக்குக் கீழே வாடகையில்லாமல் நிற்கிறது. அது இருக்கட்டும். காரை யாருக்காவது கொடுத்துவிடலாம். ஓட்டுகிறவனாகப் பார்த்துக் கொடு" என்றார்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு மெக்கானிக் பையன் முப்பதாயிரத்துக்கு எடுத்துக்கொண்டான். ஆறு வருஷம் வாடகை கொடுத்துப் பாதுகாத்ததில் விலை பத்தாயிரம் இறங்கியிருந்தது. பாதுகாப்பின் லட்சணம் அது. மாமா சாவியைக் கொடுக்கும்போது, "இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பண்ணும், பதறாதே" என்று மட்டும் சொன்னார். சின்னச் சைக்கிள், எங்கள் கட்டடத்துக் காவல்காரரின் பிள்ளைக்குப் போயிற்று. கோயம்புத்தூர்ப் பேரனுக்கு அந்த வயது வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

வண்டி விற்கிறவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. பணத்தை வாங்கியதோடு விட்டுவிடாதீர்கள். 29, 30 என்று இரண்டு பாரங்கள் இருக்கின்றன. அவற்றில் கையெழுத்திட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்து, வாங்கியவர் பெயருக்குப் பதிவு மாறிவிட்டதா என்று பாருங்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ, அவரே சட்டப்படி சொந்தக்காரர். வண்டி விபத்தில் மாட்டினால் நஷ்ட ஈட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. "தெரிந்த பையன்தானே" என்று இருந்துவிட்டால், ஓடாத காரைவிட அது பெரிய தலைவலி.

இனி வெள்ளிக்கிழமை விவகாரம். ஆட்டோப் பணத்தை மாதா மாதம் அத்தையிடம் கேட்டு வாங்கும்படி வைத்தால், பழைய கதையே வேறு உருவத்தில் வந்துவிடும் அல்லவா? ஆகையால் முதல் தேதியன்று மாமாவே பணத்தை ஒரு போர்ன்விடா டப்பாவில் போட்டு, அத்தையின் அலமாரியில் வைத்துவிடுகிறார். கணக்குக் கேட்பதில்லை என்று ஒப்பந்தம். கணக்கு ஆபீஸ்காரருக்கு அது எத்தனை பெரிய தியாகம் என்பது எங்களுக்குத் தெரியும்.

முதல் வெள்ளிக்கிழமை நான் ஆபீஸில் இருந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அத்தையிடமிருந்து போன் வந்தது. பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

"நான் அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். கோயிலில் நல்ல கூட்டம். ராத்திரி இங்கேயே சாப்பிட்டுவிட்டு வருகிறேன். பிரிட்ஜில் தோசை மாவு இருக்கிறது. உங்கள் மாமாவுக்கு இரண்டு வார்த்துக் கொடு."

என்னிடம் அனுமதி கேட்கவில்லை. தகவல் சொன்னார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதைப் படிக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உங்கள் வீட்டிலும் காலண்டர் இருக்கும்; பென்சில் இருக்கும். ஒரு மாதம் கோடு போட்டுப் பாருங்கள். வண்டிக்குப் போடுவதோடு நில்லாமல் மனிதர்களுக்கும் போடுங்கள். எந்தப் பெயருக்கு நேரே கோடு குறைகிறது என்று பாருங்கள். அந்தப் பெயர் உங்களுடையதாகவே இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

கடைசியாக ஒரு சமாசாரம். பஜாஜ் கம்பெனியார் சேடக்கை ஒரு தடவை நிறுத்திவிட்டு, 2020-ல் பாட்டரியில் ஓடும் சேடக்காக மறுபடியும் கொண்டு வந்தார்கள். போன வாரம் அதன் விளம்பரத்தை மாமாவும் என் கணவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

"பெட்ரோல் செலவே கிடையாது" என்றார் இவர்.

"சத்தமும் கிடையாதாம்" என்றார் மாமா.

அத்தை கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். பெருக்குவதை நிறுத்தாமலே சொன்னார்:

"தாராளமாக வாங்குங்கள். முதலில் டப்பாவில் போட வேண்டியதைப் போட்டுவிட்டு வாங்குங்கள்!"